வைத்தியர் ஏன் சட்டசபைக்குப் போனார்?

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கிராமங்களில் இந்த மருத்துவ ஊழியம் நடந்துவருகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

சபைகளுக்கு ஊழியச் செய்தி சொல்ல நாங்கள் வரும்போது, ஆராதனை முடிந்து வெளியே நிற்கையில், பெரியவர்கள் சிலர் அன்போடு ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளியைக் கவனித்தால் போதாதா? கட்டில் வேண்டும் என்கிறீர்கள், கொடுக்கிறோம். மருந்து வேண்டும் என்கிறீர்கள், கொடுக்கிறோம். கிராமம் கிராமமாகப் போய்ப் பேசுவதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதும், நோயே இல்லாத பெண்களைப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதும் ஆஸ்பத்திரி வேலையா?"

நியாயமான கேள்விதான். காணிக்கை கொடுக்கிறவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. இதற்கு ஒரு வைத்தியரின் வாழ்க்கையைக் கொண்டு பதில் சொல்ல விரும்புகிறோம்.

நார்வே தேசத்து அம்மையார்

முதலில் தூரதேசத்து உதாரணம் ஒன்று. நார்வே நாட்டில் 1939-ஆம் ஆண்டு பிறந்தவர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட். தகப்பனாரும் மருத்துவர், நாட்டின் மந்திரியாகவும் இருந்தவர். மகள் 1963-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்பு அமெரிக்காவின் ஹார்வர்டில் பொதுச் சுகாதாரம் படித்தார். ஊர் திரும்பி ஆஸ்லோ நகரப் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிக்கும் துறையில் பணி செய்தார்.

1974-ல் அவரைச் சுற்றுச்சூழல் மந்திரியாக அழைத்தார்கள். 1981-ல் அந்நாட்டின் முதல் பெண் பிரதமரானார். பிறகு இருமுறை அதே பதவிக்கு வந்து 1996 வரை நாட்டை நடத்தினார். 1986-ல் அவர் அமைத்த மந்திரிசபையில் 18 பேரில் 8 பேர் பெண்கள். 1998 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்தார். அவர் காலத்தில்தான், 2003-ஆம் ஆண்டு, புகையிலையைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் புகையிலைப் பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கிறதே, பார்க்கச் சகிக்காத எச்சரிக்கைப் படம், அப்படிப்பட்ட எச்சரிக்கைகளை அந்த உடன்படிக்கை கேட்கிறது.

ஒரு டாக்டர் நாளொன்றுக்கு எத்தனை பேருக்குப் புகையிலையின் தீமையை எடுத்துச் சொல்ல முடியும்? ஐம்பது பேருக்குச் சொல்லலாம். ஆனால் ஒரு சட்டம் அதை ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இது குளிர்தேசத்துக் கதை, நமக்கு என்ன என்று நினைக்கவேண்டாம். அந்த அம்மையார் பிறப்பதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்னரே, நம் தமிழ்நாட்டுப் பெண் மருத்துவர் ஒருவர் சென்னைச் சட்டசபையில் துணைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். அவர் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டைச் சிறுமி

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தகப்பனார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். இந்த ஒரு காரணத்தால் ஊரார் பார்வையில் அந்தக் குடும்பம் பட்ட சிறுமை கொஞ்சமல்ல.

வயதுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக்கூடாது என்ற காலம் அது. தகப்பனாரின் துணையோடு வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்பிள்ளைகள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா அனுமதியும் கொடுத்து, படிப்புக்கு உதவித்தொகையும் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூரில் இருந்த அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியில் பணி செய்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்தவேண்டும், தம் பணிக்குத் தடை சொல்லக்கூடாது என்று திருமணத்திற்கு முன்பே அவர் கேட்டுக்கொண்டார். கணவரும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

நல்ல தொழில், நல்ல குடும்பம், ஊரில் நல்ல பெயர். இதோடு நின்றிருந்தாலும் அவரைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பிரசவ அறையில் அவர் கண்டது அவரை நிற்கவிடவில்லை. தானே குழந்தையாயிருக்கும் வயதில் குழந்தை பெற வந்த சிறுமிகளைக் கண்டார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட்டு, பிறகு மானமும் ஆரோக்கியமும் இழந்த பெண்களைக் கண்டார். அந்தப் புண்ணுக்கு மருந்து போடலாம். ஆனால் புண் வந்த வழி மருந்து அலமாரியில் அடைபடுகிறதா?

சட்டசபையில் ஒரு ஸ்டெதஸ்கோப்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-ல் வாக்குரிமை கிடைத்தது. 1926-ல் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் சபையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே அவர் பேசியவற்றைப் பார்த்தால், வார்டில் எழுதிவைத்த நோயாளிக் குறிப்பைச் சபையில் வாசித்ததுபோல் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். பெண்ணின் திருமண வயதை உயர்த்தவேண்டும் என்றார். 1929-ல் டில்லி சட்டசபை நிறைவேற்றிய சாரதா சட்டம், பெண்ணுக்கு 14 வயதாவது ஆகவேண்டும் என்று வைத்தது. இன்று 18 என்று சட்டம் இருக்கும் நமக்கு அது சிறிதாகத் தோன்றலாம். அந்நாளில் அதற்கே பெரும் போராட்டம் நடந்தது.

அவர் தோளில் ஏறிய பெரிய சுமை, கோயில்களுக்குச் சிறுமிகளை அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கம். 1927-ல் அதை நிறுத்தவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு பலமாக வந்தது. இது சமய வழக்கம், கலையைக் காக்கிற வழக்கம் என்று படித்த பெரியவர்களே வாதாடினார்கள். அந்தக் குலத்துப் பெண்களிலும் பலர் எதிர்த்து மனு கொடுத்தார்கள். கோயில் பணியை நிறுத்தினால் எங்கள் மானிய நிலம் என்ன ஆகும், எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அம்மையார் அதைத் தள்ளிவிடவில்லை. கோயில் பணிக்காகக் கொடுத்த மானிய நிலத்தை, அந்தப் பணியைச் செய்யாமலே அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 1929-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கட்டு அவிழ்த்துவிட்டவளைப் பட்டினி போடக்கூடாது என்ற அக்கறை அதில் தெரிகிறது.

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். அந்த ஆண்டே காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துத் தம் பதவியை விட்டு விலகினார். மசோதா அப்படியே நின்றது. நாற்காலி போயிற்று, பாரம் போகவில்லை. அதே குலத்தில் பிறந்து அந்த வழக்கத்தை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோரும் ஊர் ஊராகப் பேசிவந்தார்கள். கடைசியில் 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. முதல் தீர்மானத்திலிருந்து 20 ஆண்டுகள்! விதைத்தவர் அறுப்பைக் காணக் கர்த்தர் கிருபை செய்தார்.

டோனாவூரும் சட்டசபையும்

நமக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரை அறியாத விசுவாசிகள் நம் பகுதியில் குறைவு. 1901-ஆம் ஆண்டு, கோயிலுக்குக் கொடுக்கப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கிய ஊழியம் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீடாயிற்று. ஆனால் அந்நாளில் சட்டம் துணைநிற்காததால், பிள்ளையை வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்று கோர்ட்டுப் படியேறவும் நேர்ந்தது.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. டோனாவூரில் ஓர் அம்மையார் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைதூக்கி எடுத்தார். சென்னையில் மற்றொரு அம்மையார் அந்தக் குழியையே மூடப் பாடுபட்டார். இரண்டும் வேண்டும். குழி மூடப்படும்வரை விழுந்த பிள்ளை காத்திருக்க முடியாது. பிள்ளைகளை எடுத்துக்கொண்டே இருந்தாலும் குழி தானாக மூடாது.

முத்துலட்சுமி அம்மையாருக்கும் இது தெரிந்திருந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிவந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தபோது, அவர் தம் வீட்டுக் கதவைத் திறந்தார். 1930-களின் தொடக்கத்தில் அப்படித்தான் சென்னையில் ஔவை இல்லம் பிறந்தது. சட்டம் எழுதிய கையே சாதமும் பரிமாறியது.

வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்காக வந்து அழைத்தார்கள். ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் மாண்டுபோனார்கள். ஐடா மருத்துவராகி வந்ததோடு நிற்கவில்லை. 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியையே தொடங்கினார். தம் இரண்டு கைகள் போதாது என்று கண்டவர் ஆயிரம் கைகளை ஆயத்தப்படுத்தினார்.

முத்துலட்சுமி அம்மையார் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் காயப்பட்டவனைக் கண்டு மனமுருகி நின்ற சமாரியனை ஆண்டவர் நமக்கு மாதிரியாக வைத்தாரே! தன் ஜனத்துக்காக ராஜசமுகத்தில் பிரவேசித்த எஸ்தரையும் இந்த வாழ்க்கை நமக்கு நினைப்பூட்டுகிறது. நல்லதைக் கண்டால் நன்றி சொல்வது நம் கடன்.

தங்கையின் மரணமும் 12 கட்டில்களும்

அம்மையாரின் வாழ்க்கையில் இன்னொரு துக்கம் உண்டு. அவருடைய தங்கை சுந்தரம்மாளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சீதபேதி என்று எண்ணி வைத்தியம் நடந்தது. அது புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-ல் தங்கை இறந்தார். கூடப்பிறந்தவள் டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் துக்கத்தை அவர் மனதுக்குள் பூட்டிவைக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று மக்கள் நினைத்த காலம் அது. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் 12 கட்டில்களோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தங்கை இறந்து 31 ஆண்டுகளுக்குப் பின்! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் பணியேற்றார். 1955-ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் மரிக்கும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடாயிருந்தது.

1956-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, தம் 82-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு காலமானார். அவர் பிறந்த ஜூலை 30-ந் தேதியை மருத்துவமனை நாளாகக் கொண்டாடத் தமிழ்நாடு அரசு 2019-ல் அறிவித்தது. நம் கிராமத்துக் கர்ப்பிணித் தாய்மார்களுக்கு அரசாங்கம் தருகிற பிரசவ உதவித் திட்டமும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் பதியும் பெண்கள் தினமும் அந்தப் பெயரை உச்சரிக்கிறார்கள். யார் அவர் என்று அறிந்தவர்கள்தான் கொஞ்சம்.

நம் ஊரில் இது எதற்கு?

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம் கேட்கும். அங்கே நெய்கிற துணி சேலைக்கல்ல, வேட்டிக்கல்ல. ஆஸ்பத்திரிகளில் காயங்கட்டும் பேண்டேஜ் துணி. இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் எத்தனையோ பேருடைய காயத்தின்மேல் நம் ஊர்த் துணி இருக்கிறது. உலகத்தின் காயத்தைக் கட்டுகிற பெண்கள் நம் அக்கா தங்கைகள்தான்.

அப்படிப்பட்ட ஒரு தாயார் எங்களிடம் வந்தார். மாதவிலக்கு நின்று வருஷங்கள் கடந்தபின்பும் உதிரம் பட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "வலி ஒண்ணும் இல்லியே சிஸ்டர், இதுக்குப் போய் ஆஸ்பத்திரியான்னு இருந்துட்டேன். வீட்ல சொல்லவும் கூச்சமா இருந்துச்சு" என்றார். பரிசோதித்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். மேல்சிகிச்சைக்கு வழிகாட்டி அனுப்பினோம். மகன் சொல்லிக்கொண்டு போனார். பொதிகை எக்ஸ்பிரஸில் அம்மாவை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போவதற்குள் அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அந்தத் தாயார் சில வருஷங்களுக்கு முன்னால் வந்திருந்தால், எளிய சிகிச்சையோடு முடிந்திருக்கும் காரியம் அது.

இந்த நோயைப் பற்றிச் சில விஷயங்களை விளக்கவேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. ஒருவகை வைரஸ் கிருமி தொற்றி நீங்காமல் தங்கிவிட்டால், அந்த இடத்தின் திசுக்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து வருஷங்களுக்கு மேலாகிறது. அத்தனை வருஷமும் வலியில்லை. அத்தனை வருஷமும் கண்டுபிடிக்கவும் வழியுண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற திரவத்தை, பஞ்சில் தொட்டு வைத்துப் பார்த்தால் மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் சில நிமிடங்களில் செய்யக்கூடிய சோதனை இது. அந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளைகளுக்குப் போடுவது மிகுந்த பலன் தரும்.

2020-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் ஓர் இலக்கு வைத்தது. 2030-க்குள் 15 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளில் 100-க்கு 90 பேருக்குத் தடுப்பூசி. பெண்களில் 100-க்கு 70 பேருக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதனை. நோய் கண்டவர்களில் 100-க்கு 90 பேருக்குச் சிகிச்சை. இதைச் செய்தால் இந்த நோயையே அருகச் செய்துவிடலாம் என்கிறார்கள். இதில் மூன்றாவது மாத்திரமே ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடப்பது. முதல் இரண்டும் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் நடக்கவேண்டியவை.

ஆகவேதான் நாங்கள் கிராமத்துக்குப் போகிறோம். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தப் பரிசோதனை உண்டு. ஆனால் இடம் இருந்தால் போதாது. கூச்சத்தை விட்டு ஒரு பெண் வரவேண்டும். அதற்கு யாராவது அவள் திண்ணையில் உட்கார்ந்து பேசவேண்டும். சட்டசபைக்குப் போகும் அழைப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. திண்ணை வரைக்கும் போகும் அழைப்பு நமக்கு இருக்கிறது.

உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள்

மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, இடையிலே காரணமில்லாத உதிரப்போக்கு, தாம்பத்திய உறவுக்குப்பின் உதிரம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மார்பில் வலியில்லாத கட்டி, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் - இவற்றில் எது கண்டாலும் காத்திருக்கவேண்டாம். எல்லாமே புற்றுநோய் அல்ல. பார்த்துத் தெளிவுபடுத்திக்கொண்டால் பயம் போகும். வலி இல்லை என்பதை மாத்திரம் நம்பி இருந்துவிடாதீர்கள்.

பங்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். பாடம் சொல்லவும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் எங்கள் சகோதரிகள் வருவார்கள். உங்கள் ஊரில் பரிசோதனை முகாம் நடத்த ஆலய மண்டபத்தில் திரைபோட்ட ஓர் அறை போதும். எல்லா மதத்து அயலாரையும் அழையுங்கள். காணிக்கை அனுப்புகிறவர்கள் "கிராம ஊழியத்துக்கு" என்று குறித்து அனுப்பினால் அது அதற்கே செலவிடப்படும்.

கட்டில் கொடுத்தவருக்குக் கட்டிலின்மேல் பெயர் எழுதுகிறோம். நோய் வராமல் தடுத்ததற்கு எதன்மேல் பெயர் எழுதுவது? குணமானவர் நன்றி சொல்ல வருவார். வியாதியே வராதவருக்கு யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்றே தெரியாது. அதனால்தான் இந்தப் பணிக்குக் காணிக்கை கேட்பது கடினமாயிருக்கிறது. ஆனாலும் அந்தரங்கத்தில் செய்வதைப் பார்க்கிற பிதா ஒருவர் நமக்கு உண்டு.

ஜெபக் குறிப்புகள்

1. சிகிச்சைக்குச் சென்றிருக்கும் அந்தத் தாயாரின் சுகத்துக்காகவும், அவர் குடும்பத்தின் சமாதானத்துக்காகவும்.

2. தறிக்கூடங்களிலும் நூல் மில்களிலும் உழைக்கும் சகோதரிகள் தங்கள் உடல்நலத்தைக் கவனிக்க நேரமும் தைரியமும் பெறும்படியாக.

3. கிராமங்களுக்குச் செல்லும் எங்கள் நர்ஸ்மார்களின் பாதுகாப்புக்காக.

4. சட்டம் இயற்றுகிறவர்களும் ஆளுகிறவர்களும் ஏழைகளின் நோயை அறிந்து நடக்கும்படியாக; நம் பிள்ளைகளிலிருந்து அப்படிப்பட்ட மருத்துவர்களும் தலைவர்களும் எழும்பும்படியாக.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்